ஏழாவது சவரத்துக்கான ரேசர்

எங்கள் வீட்டுக் கிணற்றடித் தூணில் ஒரு வெடிப்பு இருந்தது. அப்பாவின் ரேசர் அங்கேதான் குடியிருந்தது. நீல நிறப் பிளாஸ்டிக் பிடி, ஒற்றை பிளேட், அதன் மேல் மாட்டும் வெள்ளை மூடி. புதன்கிழமைக் காலையிலும் சனிக்கிழமை மாலையிலும் குளிப்பதற்கு முன் கண்ணாடித் துண்டொன்றைத் தூணில் சாய்த்து வைத்துச் சவரம் செய்வார். முடிந்ததும் வாளித் தண்ணீரில் அலசுவார். மூன்று தடவை உதறுவார். விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு விளிம்பில் ஒரு பொட்டு வைத்து, மூடியை மாட்டி, வெடிப்பில் செருகிவிடுவார். மூடி காணாமல் போன நாளில் வீட்டில் எல்லோரும் குனிந்து தேட வேண்டும். ஒரு ரேசர் ஒரு மாதத்துக்கு வரும். கணக்குப் பார்த்தால் எட்டுச் சவரம்.

கடைக்காரர் அதைப் 'பாவித்துவிட்டு எறிகிற ரேசர்' என்று சொல்லித்தான் விற்றார்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அதை ஒருமுறை பாவித்துவிட்டு எறிந்த ஆளை நான் கண்டதில்லை, வைத்தியசாலைக் கட்டிலில் படுத்திருந்தவர்களைத் தவிர. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். மலிவான ரேசர் ஒன்றை எப்படி வடிவமைப்பது என்று யோசிப்பவர்கள் வழக்கமாக முதல் சவரத்தைத்தான் கண்முன் வைத்திருக்கிறார்கள். முதல் சவரத்தை எந்த ரேசரும் ஒழுங்காகச் செய்து முடித்துவிடும். ஒரு வாளித் தண்ணீரோடும், நுரைக்க மறுக்கும் உவர் நீரோடும், குளிக்கிற சவர்க்காரத்தோடும், நாலு நாள் தாடியோடும் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஏழாவது சவரத்தில் அந்த ரேசர் என்ன செய்கிறது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கெட்டித்தனம் தெரியும்.

எறிந்துவிடலாம் என்ற எண்ணமே ஒரு சோடாப் போத்தல் மூடியில் தொடங்கியது. போத்தல்களுக்கு நெளிவு விளிம்பு மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் என்பவரின் நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். 'ஒருமுறை பாவித்துவிட்டு எறியும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி, வாங்கியவன் திரும்பவும் வருவான்' என்ற பொருளில் பெயின்டர் அவருக்கு அறிவுரை சொன்னதாகக் கதை. 1895இல் ஜில்லெட்டுக்கு மெல்லிய தகட்டு பிளேட் பற்றிய யோசனை வந்தது. அதை உண்மையாக்கியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியியலாளர். அவ்வளவு மெல்லிய உருக்கைக் கோணாமல் கடினப்படுத்த முடியாது என்று உலோகம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1903இல் விற்பனையானது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும். அடுத்த ஆண்டு ரேசர்கள் மட்டுமே தொண்ணூறாயிரத்தை எட்டின.

அப்போது எறியப்பட்டது பிளேட் மட்டும்தான். பிடி உலோகம், அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. பிடியையும் சேர்த்து எறியச் செய்தவர் பிரான்ஸைச் சேர்ந்த மார்செல் பிஷ். மலிவான பேனாவையும் லைட்டரையும் உலகெங்கும் விற்ற அதே பிக் நிறுவனம், 1970களின் நடுப்பகுதியில் ஒற்றை பிளேட் பொருத்திய பிளாஸ்டிக் ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜில்லெட்டும் 1976இல் இரட்டை பிளேட் கொண்ட எறியும் ரேசரோடு பின்தொடர்ந்தது. இன்று அரசடிச் சந்திக் கடையிலும் அக்கரைப்பற்றுப் பெட்டிக்கடையிலும் அட்டையில் குத்தித் தொங்கும் ரேசர்கள் எல்லாம் அந்த வம்சம்தான்.

இந்தச் சாமானில் விலை எங்கே ஒளிந்திருக்கிறது? பலரும் உருக்கில் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 மில்லிமீற்றர் நீளம், 7 மில்லிமீற்றர் அகலம், 0.1 மில்லிமீற்றர் தடிப்பு என்று ஒரு பிளேட்டை எடுத்துக்கொண்டால் அதன் நிறை ஏறத்தாழ 0.22 கிராம். ஒரு கிலோ உருக்கில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிளேடுகள் கிடைக்கும். உருக்கு விலையை எவ்வளவு உயர்த்திச் சொன்னாலும் ஒரு பிளேட்டின் பங்கு சதக் கணக்கில்தான் நிற்கும். செலவு, அந்த உருக்கைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. ஏறத்தாழ 13 வீதம் குரோமியமும் 0.6 அல்லது 0.7 வீதம் கரியும் கலந்த உருக்குச் சுருளை 1000 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பூச்சியத்துக்குக் கீழேயும் கொண்டுபோய், மறுபடி மிதமாகச் சூடேற்ற வேண்டும். பிறகு தீட்டல். விளிம்பின் முனை மில்லிமீற்றரில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒடுங்க வேண்டும். அதன் மேல் குரோமியம் போன்ற கடினப் பூச்சு. அதற்கும் மேல், நம் வீட்டு ஒட்டாத தாச்சியில் இருக்கிறதே, அதே ரெஃப்லான் வகைப் பூச்சு. இந்தக் கடைசிப் பூச்சு இல்லாத பிளேட் எவ்வளவு கூராக இருந்தாலும் மயிரைப் பிடுங்கி இழுக்கும்.

இதையெல்லாம் ஒரு சிறு தொழிற்சாலை செய்ய முடியாது. செய்ய முயல்வதும் புத்தியல்ல. மலிவு ரேசர் செய்பவர் பிளேட்டை வெளியில் வாங்கிவிடலாம். வடிவமைப்பாளருக்கு மிச்சம் கிடைக்கும் விளையாட்டு மைதானம் பிளாஸ்டிக்தான்.

பிளேட் ஏன் மழுங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த மைதானத்தில் இறங்கக் கூடாது. மயிரைவிட உருக்கு ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. பிறகு எப்படி அது தேய்கிறது? அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்தவர்கள் 2020இல் இதற்கு விடை சொன்னார்கள். ஆய்வாளர்களில் ஒருவரான ஜான்லூக்கா ரொசியோலி எறியும் ரேசர்களால் தன் முகத்தையே சவரம் செய்து, ஒவ்வொரு முறையும் பிளேட்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்துபோகவில்லை. ஆங்காங்கே சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. மயிர் நிமிர்ந்து நிற்காமல் வளைந்து பக்கவாட்டில் பிளேட்டைத் தள்ளும்போது, உருக்கின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில் வெடிப்புத் தொடங்குகிறது. முருங்கைக் கொப்பை வெட்டும்போது கத்தியைத் திருகினால் வாய் பறியுமே, அதே சங்கதி.

இதிலிருந்து வடிவமைப்புக்கு இரண்டு சேதி கிடைக்கிறது. ஒன்று, மயிர் நன்றாக ஊறியிருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரில் ஊறிய மயிர் பிளேட்டுக்கு மிக எளிதில் விட்டுக்கொடுக்கிறது. அப்பா முகத்தைக் கழுவிவிட்டுத் தண்ணீரைத் துடைக்காமலே சவர்க்காரம் போட்டதில் இயற்பியல் இருந்தது. இரண்டு, பிளேட்டுக்கு முன்னால் ஓடும் பிளாஸ்டிக் விளிம்பு மயிரைப் படுக்கவைக்கக் கூடாது, நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். தாடி நாளொன்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீற்றர் வளரும். நாள்தோறும் சவரம் செய்யும் அலுவலகக்காரருக்கு முன்விளிம்பு வழவழப்பான பட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து நாள் கழித்துக் கடலிலிருந்து வரும் ஒருவரின் தாடி 2 மில்லிமீற்றர். அதை அந்தப் பட்டை அமுக்கிப் படுக்கவைத்துவிடும். அவருக்குச் சீப்புப் பல் போல வெட்டுகள் உள்ள விளிம்புதான் சரி.

இங்கே கரையோரத்துக் காற்று வேறு இருக்கிறது. கறள் பிடிக்காத உருக்கு என்ற பெயரை முழுதாக நம்பக் கூடாது. 13 வீதக் குரோமியத்தில் ஒரு பங்கு கரியோடு சேர்ந்து உறைந்துவிடுகிறது. மிச்சமிருப்பதுதான் கறளைத் தடுக்கும் காவல்காரன். உப்புத் துளி ஒன்று அந்த மெல்லிய விளிம்பில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்தக் காவல் தளரும். அப்பாவின் தேங்காய் எண்ணெயைப் பார்த்துச் சிரித்தவன் நான். எண்ணெய் தண்ணீரை விலக்கி நிற்கும், அவ்வளவுதான் அதன் இரகசியம். சில்லு உடைவதை அது தடுக்காது. கறளைக் கொஞ்சம் தள்ளிப்போடும்.

ஆனால் ஏழாவது சவரத்தைக் கெடுக்கும் முதல் எதிரி மழுக்கமும் அல்ல, கறளும் அல்ல. அடைப்பு.

2004 டிசம்பர் 26 கடல் எழும்பிய பிறகு நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்தோம். நிவாரணப் பொதியில் பற்பசை, துவாய், சவர்க்காரம் இவற்றோடு இரட்டை பிளேட் ரேசர்கள் இரண்டு. நல்ல ரேசர்கள்தான், வெளிநாட்டுச் சாமான். தண்ணீர் பவுசரில் வந்தது. ஆளுக்கு ஒரு வாளி, அதில்தான் எல்லாம். காலையில் வகுப்பறைத் திண்ணையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து சவரம் செய்வார்கள். இரண்டு இழுப்புக்குள் இரண்டு பிளேடுகளுக்கும் நடுவில் மயிரும் சவர்க்காரமும் குழைந்து களியாகி இறுகிவிடும். குவளைத் தண்ணீரில் ஆட்டினால் போகாது. திண்ணை விளிம்பில் டொக் டொக்கென்று தட்டுவார்கள். ஒரு பெரியவர் ஈர்க்கு ஒன்றைக் கிழித்து இடுக்கில் விட்டுக் கிண்டினார். பிளேட் பிசகி, அடுத்த இழுப்பில் நாடியில் இரத்தம். "குழாய் உள்ள ஊருக்குச் செய்த சாமான் மகன் இது" என்றார். அவர் சொன்னதை அப்போது நான் நகைச்சுவை என்று நினைத்தேன்.

அதே பாடத்தை ஜில்லெட் நிறுவனம் நிறையப் பணம் செலவழித்துப் படித்திருந்தது. இந்தியச் சந்தைக்கென வெக்டர் என்ற இரட்டை பிளேட் ரேசரைச் சோதிக்க, அதே மசாசுசெட்ஸ் நிறுவகத்தில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்தார்கள். அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். 2002இல் இந்தியாவுக்கு வந்த பிறகு குட்டு வெளிப்பட்டது. அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டுச் சவரம் செய்தவர்கள். இந்தியாவில் வாங்கியவர்கள் ஒரு கப் தண்ணீரோடு உட்கார்ந்தவர்கள். அடைப்பைத் தள்ளிவிட வெக்டரில் ஒரு தண்டு இருந்தது. அதை அந்தத் தண்ணீரில் வேலை செய்ய வைக்க முடியவில்லை. பிறகு நிறுவனத்தார் நேரே இந்தியாவுக்குப் போய் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். தரையில் குந்தி, மங்கிய வெளிச்சத்தில், கையில் கண்ணாடியைப் பிடித்தபடி சவரம் செய்யும் மனிதருக்கு வழவழப்பைவிட வெட்டுப்படாமல் இருப்பதே பெரிது என்று கண்டார்கள். அதன் பலன் 2010இல் வந்த கார்ட். ஒற்றை பிளேட். முன்னால் சீப்புப் பல். அலச வசதியாகப் பின்புறம் பெரிய திறப்பு. உள்ளே பொள்ளலான பிடி, கொளுவி வைக்க அதில் ஒரு துளை. மூன்று பிளேட் ரேசரில் 25 உறுப்புகள் இருந்த இடத்தில் இதில் 4 மட்டுமே. வந்த புதிதில் விலை 15 இந்திய ரூபாய், மாற்று பிளேட் 5 ரூபாய்.

கார்ட் முழுதாக எறியும் ரேசர் அல்ல. தலையை மட்டும் மாற்றலாம். இருந்தாலும் மலிவு என்பது எதையாவது வெட்டிக் குறைப்பதால் மட்டும் வருவதல்ல, யார் எங்கே உட்கார்ந்து பாவிக்கிறார் என்பதைப் பார்ப்பதால் வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரட்டை பிளேட்டின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: முதல் பிளேட் மயிரைச் சற்று வெளியே இழுக்க, அது உள்ளே போவதற்குள் இரண்டாவது வெட்டிவிடும். கன்னம் பளிங்காகும். சுருள் மயிர்க்காரருக்கோ அந்த மயிர் தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கழுத்தெல்லாம் பரு. காசும் கூட, அடைப்பும் கூட, பருவும் கூட.

இனிப் பிளாஸ்டிக்குக்கு வருவோம். கல்லடியில் நான் தலைமயிர் வெட்டும் சலூனில் ஒரு காட்சி நாள்தோறும் நடக்கும். அங்குள்ள அண்ணன் இருபக்க பிளேட் ஒன்றைக் காகித உறையோடு எடுத்து இரண்டு விரலால் மடிப்பார். டிக். நெடுக இரண்டாக உடைந்துவிடும். ஒரு பாதியைத் தன் நீளக் கத்திப் பிடியில் செருகுவார். மறுபாதி அடுத்த ஆளுக்கு. ஆளுக்கு ஒரு புதுப் பாதி என்றால் மஞ்சள் காமாலைக் கிருமி பிளேட் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகாது. எறியப்படுவது அரைக் கிராமுக்கும் குறைந்த உருக்கு. உலகிலேயே மலிவான எறியும் ரேசர் அதுதான் என்பேன். ஆனால் அந்தக் கத்தியில் காவல் எதுவும் கிடையாது. பிளேட்டைத் தோலோடு எந்தச் சரிவில் வைப்பது, எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் அண்ணனின் மணிக்கட்டில் இருக்கிறது. அந்த மணிக்கட்டைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கடையில் தொங்கவிடுவதுதான் ரேசர் தலையின் முழு வேலையும்.

தலையில் மூன்று விடயங்கள் பொருந்த வேண்டும்: முன்னால் தோலை இழுத்துப் பிடிக்கும் விளிம்பு, பின்னால் சாய்வைத் தீர்மானிக்கும் மேல்மூடி, இரண்டையும் தொடும் ஒரு கற்பனைக் கோட்டிலிருந்து பிளேட் எவ்வளவு வெளியே எட்டிப்பார்க்கிறது என்ற அளவு. இந்தக் கடைசி அளவு மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு கூடினால் வெட்டும், குறைந்தால் வழுக்கும். அவ்வளவு துல்லியத்தை மலிவுப் பிளாஸ்டிக்கில் எப்படிக் காப்பது? அதனால்தான் தலைக்குப் பெரும்பாலும் பொலிஸ்டைரின் இனத்துப் பிளாஸ்டிக்கை எடுக்கிறார்கள். அச்சிலிருந்து வெளியே வந்து குளிரும்போது அது அரை வீதம் அளவுக்கே சுருங்கும். பொலிபுரொப்பிலீன் அதைவிடப் பல மடங்கு சுருங்கும். தடித்த இடத்தில் ஒரு மாதிரி, மெலிந்த இடத்தில் வேறு மாதிரி. தலை கோணும், பிளேட்டும் அதோடு கோணும். பிளேட்டைப் பிடித்துவைக்கத் திருகாணி தேவையில்லை. தலையிலேயே வார்த்த சிறு முளைகளில் பிளேட்டின் துளைகளைக் கோத்து, மேல்மூடியை வைத்து, முளை நுனியைச் சூட்டில் நசுக்கினால் போதும்.

பிடியில் சிக்கனம் பிடிக்க நினைப்பவர் பிளாஸ்டிக்கின் நிறையை மட்டும் எண்ணுவார். அதைவிடப் பெரிய காசு நேரத்தில் இருக்கிறது. அச்சுக்குள் பிளாஸ்டிக் குளிர எடுக்கும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு ஏறும்: தடிப்பை இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. ஒரு இயந்திரம் நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் தள்ளும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. அதனால்தான் நல்ல மலிவு ரேசரின் பிடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய சுவர்களும் விலா எலும்பு போன்ற வரம்புகளும் தெரியும். ஈரமான, சவர்க்காரம் பூசிய கைக்கு அந்த வரம்புகளே பிடிமானமும் ஆகிவிடுகின்றன. தனியாக இறப்பர் ஒட்டத் தேவையில்லை. பிளேட்டுக்கு மேல் ஒட்டிவரும் வழுக்குப் பட்டை எனக்குப் பிடிக்காது. அது சில சவரங்களில் கரைந்து போய்விடும். ஏழாவது சவரத்தில் அந்த இடத்தில் வெறும் பொருக்குத்தான்.

ஆக, எங்கள் ஊருக்கு ஒரு ரேசர் செய்யச் சொன்னால் நான் கேட்பது இவ்வளவே: ஒற்றை பிளேட், ஒரு குவளைத் தண்ணீரில் ஒரே ஆட்டில் சுத்தமாகும்படி பின்பக்கம் முழுத் திறப்பு, சீப்புப் பல், ஆணியில் தொங்கவிட ஒரு துளை, தொலையாத ஒரு மூடி. கடைசியாகச் சொன்னதைத்தான் உற்பத்தியாளர் முதலில் நீக்குவார். பையிலும் தட்டிலும் மற்றச் சாமான்களோடு உராய்ந்தும் பிளேட் காயப்படும் என்று அவருக்குச் சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார். மூடி பிடியோடு ஒரு மெல்லிய நாடாவால் இணைந்தே வார்க்கப்பட்டால் தொலையவும் தொலையாது, தனி அச்சும் வேண்டாம்.

'உலோக ரேசரே போதுமே' என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. 2022இல் டொலர் இரண்டு மாதத்தில் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, எங்கள் ஒழுங்கையில் சிலர் பெட்டிக்குள் கிடந்த தகப்பன்மாரின் திருகு ரேசர்களைத் தேடி எடுத்தார்கள். புதிதாக வாங்கப் போனால் முதல் செலவு ஒரேயடியாகக் கையைக் கடிக்கும். நாட்சம்பளக்காரர் ஒன்றாக வாங்கும் பொருளும் சிறு சிறு துண்டாக வாங்கும் பொருளும் ஒரே கணக்கில் அடங்காது.

இப்போது அந்த வைத்தியசாலைக் கதை. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, நோயாளியின் சொந்தக்காரர் எதிரே உள்ள பாமசிக்கு ஓடிப்போய் ஒரு ரேசர் வாங்கிவர வேண்டும். எனக்கும் ஓட நேர்ந்திருக்கிறது. உண்மையிலேயே ஒரே ஒருமுறை பாவித்து எறியப்படும் ரேசர் அது. வேடிக்கை என்னவென்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டல் அந்த வேலைக்கு ரேசரே ஆகாது என்கிறது: மயிரை விட்டுவிடுங்கள், கட்டாயம் அகற்ற வேண்டுமென்றால் கத்தரிக்கும் மெசினால் அகற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும் என்பதே காரணம்.

எறிந்த பிறகு அது எங்கே போகிறது? உருக்கும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி நசுக்கி இணைக்கப்பட்டதால் பழைய இரும்புக்காரரும் எடுக்கமாட்டார், பிளாஸ்டிக்காரரும் எடுக்கமாட்டார். 2021 மார்ச் 31இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த பிளாஸ்டிக் தடையில் 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சசே பைக்கற்றுகளும் பிளாஸ்டிக் தண்டுள்ள காதுக்குச்சிகளும் இருந்தன, ரேசர் இல்லை. குப்பைப் பையைக் கையால் தூக்கும் மாநகர சபைத் தொழிலாளிக்கு எந்தப் பையில் மூடியில்லாத பிளேட் இருக்கிறதென்று தெரியாது. முளைகளை நசுக்குவதற்குப் பதிலாகக் கொளுக்கிபோல் வார்த்தால் பிளேட்டைக் கழற்றிவிடலாம். ஆனால் பிள்ளைகளும் கழற்றிவிடுவார்கள். இந்த முடிச்சை இன்னும் யாரும் மலிவாக அவிழ்க்கவில்லை.

அப்பாவிடம் ஒரு பழைய பால்மா டின் இருந்தது. மூடியில் உளியால் ஒரு நீள வெட்டுப் போட்டிருந்தார். மாத முடிவில் ரேசரின் தலையைக் கல்லில் வைத்து ஒரே தட்டு. பிளேட் டின்னுக்குள் போகும். பிடிகளை அம்மா மிளகாய்க் கன்றுகளுக்குப் பக்கத்தில் ஊன்றி ஈர்க்குக் கட்டிவிடுவார். வீட்டை இடித்துக் கட்டியபோது அந்த டின் அகப்பட்டது. ஆட்டிப் பார்த்தேன், பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.